ஜெர்மானியம் என்று சொல்லி விற்ற தங்க நிறப் பெட்டி: கிதார் வாசிப்பவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஒருவர் "கையால் கட்டிய ஓவர்டிரைவ் பெடல்" விற்றுக்கொண்டிருக்கிறார். கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி அது. காந்திபுரம் பக்கம் ஒரு மாடி அறை. பெயர்ப்பலகை கிடையாது, ரசீது கிடையாது. குழுக்களில் வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அங்கே போகிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. பெட்டியின் அடையாளத்தை எழுதலாம்: மங்கலான தங்க நிறப் பூச்சு, மேலே மூன்று குமிழ்கள், அடித்தகட்டின் திருகுமேல் "பிரித்தால் உத்தரவாதம் செல்லாது" என்ற சீட்டு. விலை 18,000 ரூபாய். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் யாராவது முன்பணம் கொடுக்கும் யோசனையில் இருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவர் விற்பது பெடலைவிட ஒரு கதையைத்தான். க்ளான் சென்டார் என்ற பெடலைப் பற்றிக் கிதார்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பில் ஃபினிகன் என்ற அமெரிக்கர் 1994-இல் விற்கத் தொடங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிறர் பார்க்கக்கூடாது என்பதற்காகச் சர்க்யூட்மேல் எப்பாக்ஸிப் பசையை ஊற்றி மூடியிருந்தார். அதனால் அதைச் சுற்றிப் புராணங்கள் வளர்ந்தன. பழையது ஒன்று இன்று பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. நம் ஆள் விற்பது அதன் "அச்சு அசல் நகல்" என்றார். பழைய இருப்பில் கிடைத்த ஜெர்மானியம் டயோடுகள் (ஒலியலையின் முனைகளை வெட்டிக் கரகரப்பைத் தரும் பாகங்கள்), உள்ளேயே 9 வோல்ட்டை 18 ஆக உயர்த்தும் ஏற்பாடு, போதாக்குறைக்கு ட்ரூ பைபாஸ் (பெடல் அணைந்திருக்கும்போது ஒலி அதன் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகும் ஏற்பாடு). உள்ளே கருப்புப் பசை ஊற்றியிருப்பதையும் பெருமையாகவே சொன்னார். ஃபினிகன் பசை ஊற்றியது தன் சர்க்யூட்டை மறைக்க. ஏற்கெனவே ஊருக்கே தெரிந்துவிட்ட சர்க்யூட்டை இவர் எதற்காக மறைக்க வேண்டும்? இதைக் கேட்டதற்கு, "அண்ணா, ஈரம் உள்ளே போகாமல் இருக்கத்தான்" என்று பதில் வந்தது.

அவர் அறையில் வாசித்துக் காட்டும் முறையைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூலையில் ஒரு வால்வு ஆம்ப். அதன் சத்தத்தை முக்கால்வாசிக்கு ஏற்றி வைத்திருந்தார். அந்த அளவில் வால்வு ஆம்ப் தானாகவே கரகரக்கத் தொடங்கிவிடும். பெடலை மிதித்தால் அந்தக் கரகரப்பு தடித்துக் கொழுத்து வரும். எந்த ஓவர்டிரைவை அங்கே வைத்தாலும், சில ஆயிரம் ரூபாய் மலிவுப் பெடலானாலும், அது அழகாகத்தான் பாடும். நான் தெளிவாகக் கேட்டேன்: எங்களுடையது மெல்லிசைக் குழு, மாரியம்மன் நோம்பிக்கும் கல்யாண வரவேற்புக்கும் போகிறோம், என்னுடையது டிரான்சிஸ்டர் ஆம்ப், சில மேடைகளில் நேராக மிக்ஸரில்தான் சொருக வேண்டியிருக்கும், அங்கெல்லாம் எப்படி இருக்கும்? "எதில் போட்டாலும் இதே சத்தம்தான் அண்ணா" என்றார். இதைவிடப் பெரிய பொய் ஒன்றை ஒரு பெடல் வியாபாரி சொல்ல முடியாது. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கூர்மையான குப்பையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மிக்ஸர் வழியாகப் பந்தல் ஸ்பீக்கருக்குப் போனால் அந்தக் குப்பை முழுவதும் சபைக்குக் கேட்கும். அதற்குக் கிதார் ஸ்பீக்கரைப்போல் அந்த உச்ச ஒலியை வெட்டும் கேபினெட் சிமுலேட்டர் தனியாக வேண்டும். அவர் பேச்சை நம்பி வாங்கிவிட்டேன். பல்லடம் பக்கத்து ஊர் நோம்பியில் என் முதல் தனி வாசிப்பு வந்தபோது, கீபோர்டு அண்ணன் ஸ்பீக்கரில் வயர் போய்விட்டது என்று நினைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

சரி, மிக்ஸரின் குற்றம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என் ஆம்பிலும் ஒன்று இடித்தது. பெடலை மிதித்த உடனே தடித்த கம்பிகளின் அடிக்கனம் காணாமல் போய், நடுச்சத்தம் மட்டும் மூக்கால் பேசுவதுபோல் முன்னால் வந்தது. க்ளான் அப்படிச் செய்யாது. கரகரப்பின் அளவைக் கூட்டும் கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரப்போடு சுத்தமான ஒலியையும் சேர்த்துக் கலப்பதுதான் அதன் சூட்சுமம். அதற்காகவே அந்தக் குமிழின்கீழ் இரட்டை அடுக்குப் பாட் (குமிழோடு திரும்பும் மாறு ரெசிஸ்டர்) வைத்திருப்பார்கள். அடிக்கனத்தைக் கழித்து நடுவைத் தள்ளுவது ஐபனேஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்கிரீமர் என்ற பெடலின் குணம். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அதன் கரகரப்பு மெலிந்துகொண்டே வரும்.

விற்றவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னதற்கு, பெடல் "பழக" ஒரு மாதம் ஆகும் என்றார். டயோடு என்ன புதுச் செருப்பா, காலுக்குப் பழகுவதற்கு?

திருப்பூரில் ஒலிபெருக்கி ஆம்புகளைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து ஈயப்பற்று வைப்பவர். பெட்டியைப் பிரிக்காமலேயே முதல் சோதனையைச் செய்தார். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு என்னை வாசிக்கச் சொன்னார். ட்ரூ பைபாஸ் என்றால் மின்சாரமே இல்லாவிட்டாலும், பெடல் அணைந்த நிலையில் கிதார் ஒலி நேராக ஆம்புக்குப் போய்விட வேண்டும். ஆம்பில் சத்தமே இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை: அசல் க்ளானிலேயே ட்ரூ பைபாஸ் கிடையாது, அது பஃபர் (மின்சாரத்தில் ஓடி ஒலியைத் தாங்கி அனுப்பும் சிறு சர்க்யூட்) வழியாகத்தான் அனுப்பும். அச்சு அசல் நகலிலும் ட்ரூ பைபாஸ் உண்டு என்று சொன்னவர், நகலையும் செய்யவில்லை, ட்ரூ பைபாஸையும் வைக்கவில்லை.

பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டு சீட்டைக் கிழித்துத் திருகுகளைக் கழற்றினார். சூடான காற்றைக் காட்டிப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். கீழே வந்தது கையால் கட்டிய எதுவும் இல்லை. குருணை போன்ற பொடிப்பொடி ரெசிஸ்டர்கள் இயந்திரத்தால் வரிசையாக ஒட்டப்பட்ட தொழிற்சாலைப் பலகை. ஓரத்தில் இருந்த மாடல் எண்ணை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். அசலில் எட்டுக்கால் சிப் மூன்று இருக்கும்: ஒலிக்கு இரண்டு, வோல்ட்டேஜை உயர்த்த ஒன்று. இதில் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்கு மின்சாரம் வரும் எட்டாவது காலில் மல்டிமீட்டரை வைத்தால் ஒன்பது வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. பதினெட்டு வோல்ட் எங்கேயும் இல்லை. கெயின் பாட் ஒற்றை அடுக்கு.

டயோடுகளுக்கு வந்தோம். கால் இல்லாத சின்னக் கண்ணாடி உருளைகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். மீட்டரை எப்படி மாற்றி வைத்தாலும் 0.6 வோல்ட்டை ஒட்டியே நின்றது. பெரியவர் எதுவும் பேசாமல் மேசை அறையிலிருந்த பழைய பால்பவுடர் டப்பாவைத் திறந்து, நீளமான கம்பிக் கால்களோடு ஒரு டயோடை எடுத்தார். ஓஏ79, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஒலியைப் பிரித்தெடுக்கப் போட்டது. அதில் மீட்டரை வைத்தார். 0.3 வோல்ட்டுக்குக் கீழே. "தம்பி, இதுதான் ஜெர்மானியம். உங்கள் பெட்டியில் இருப்பது சாதாரண சிலிகான்" என்றார். இரண்டு டயோடுகளும் தரைக்கு (சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு) போகாமல் சிப்பைச் சுற்றிய வளையத்தில் இருந்ததையும் காட்டினார். அது ட்யூப் ஸ்கிரீமரின் அமைப்பு. என் காது சொன்னதும் அதைத்தான். யாரோ ஒரு மலிவான ஸ்கிரீமர் நகலை வாங்கி, பெட்டியை மாற்றி, பசையை ஊற்றி விற்றிருக்கிறார்கள்.

ட்யூப் ஸ்கிரீமர் நல்ல பெடல்தான். வால்வு ஆம்புக்கு முன்னால் கெயினைக் குறைத்து, வால்யூமை ஏற்றி வைத்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் டிரான்சிஸ்டர் ஆம்பில் தனியாக நின்று கரகரப்பைத் தர வேண்டும் என்றால், 1978-இலிருந்து கிடைக்கும் பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 போன்ற டிஸ்டார்ஷன் பெடலையோ "ராட்" (RAT) என்ற பெடலையோ முதலில் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டிலும் டயோடுகள் தரைக்குப் போகும், வெட்டு கடுமையாக இருக்கும், ஆம்பை நம்பியிருக்காது. டிஎஸ்-1 புதிதாகவே நான் கொடுத்த விலையில் பாதிக்குள் கிடைத்துவிடும். உங்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால், கடையில் இருப்பதிலேயே சுமாரான டிரான்சிஸ்டர் ஆம்பில், சத்தத்தைக் குறைத்து, உங்கள் கிதாரில் வாசித்துப் பாருங்கள். மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். அடாப்டரைப் பிடுங்கும் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

படங்களை அனுப்பியதும் விற்றவர் சொன்னது: சீட்டைக் கிழித்துவிட்டீர்கள், உத்தரவாதம் போய்விட்டது. அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் யுபிஐ வழியாகப் போனதால் அந்தப் பதிவு இருக்கிறது. "அச்சு அசல் நகல், ஜெர்மானியம்" என்று அவரே எழுதிய குறுஞ்செய்திகளும் இருக்கின்றன. ரசீது தர மறுப்பவரிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நான் திருப்பூரில் கொடுத்திருக்கிறேன்.

இதே தங்க நிறப் பெட்டி வேறு யாரிடமாவது இருந்தால், பிரிப்பதற்கு முன்பு சீட்டையும் திருகுகளையும் படமெடுத்து வைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். எண்ணைத் தேய்த்த பலகை இரண்டு மூன்று கிடைத்தால் எந்த மலிவுப் பெடலிலிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் பெரியவர். அதையும் புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.