எம்பி3 பிளேயரை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து ரிப்பேர் வேலைக்குப் பொள்ளாச்சி போகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பழைய எம்பி3 பிளேயர் ஒன்றை அங்கே ஒரு கடையில் கொடுத்து, பணத்தோடு மெமரி கார்டையும் பறிகொடுத்திருக்கிறேன்.

அந்தப் பிளேயரைக் கடையில் விற்றால் ஐந்நூறு ரூபாய்கூடத் தேறாது. ஆனால் எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் அதன் மைக்கில்தான் பதிவாகியிருந்தன. அமுச்சி இப்போது இல்லை. நீண்ட நாள் பீரோவில் கிடந்ததை எடுத்து சார்ஜ் போட்டால் திரையில் வெளிச்சமே வரவில்லை. கடைக்காரர் கையில் வாங்கி, ஒரு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க, மாத்தணும், 1,800 ஆகும். கார்டையும் விட்டுட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணணும்" என்றார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் கூட ஆகும் என்று துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்த பிளேயர் பாடியது. வீட்டுக்கு வந்து கேட்கக் கேட்கத்தான் கோளாறு புரிந்தது. முதலில் வரும் பாட்டெல்லாம் சரி. அப்புறம் பாதியில் நிற்கிறது, சத்தமே இல்லாமல் ஓடுகிறது, ஃபைல் எரர் என்கிறது. கார்டை வெளியே எடுத்தால், அது நான் கொடுத்த கார்டே இல்லை. என்னுடையது கம்பெனி பெயர் போட்ட 32 ஜிபி. இதில் 32 என்ற எண் மட்டும் இருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தங்கச்சி மகன் பிளேயரைத் திறந்து பார்த்தான். பெட்டியில் உள்ள சீரியல் எண்தான் போர்டு ஸ்டிக்கரிலும் இருந்தது. புதிதாகச் சால்டரிங் செய்த தடம் எங்கும் இல்லை. பேட்டரியும் பழசு. அவர்கள் செய்தது சார்ஜ் ஏற்றியது மட்டும்தான்.

இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரி மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கிவிடும். அப்போது சார்ஜரில் போட்டவுடன் திரை எரியாது. கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் செருகி அரை மணி, ஒரு மணி நேரம் தொடாமல் விட்டால், பேட்டரி அடியோடு கெட்டிருந்தாலொழிய, பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வேறு கேபிளிலும் போட்டுப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜே போடாதீர்கள், அமுக்கவும் வேண்டாம்.

திரை எரிந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், பக்கவாட்டில் இருக்கும், பட்டன்களைப் பூட்டும் ஹோல்ட் சுவிட்சைப் பாருங்கள். பையில் உரசி அது தானே நகர்ந்துவிடும். உறைந்து நின்றால், பல மாடல்களில் பவர் பட்டனை 10 முதல் 20 விநாடி விடாமல் அழுத்தினால் மறுபடி கிளம்பும். ஐபாட் கிளாசிக்கில் ஹோல்டை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பிளேயர் தெரியவில்லையா? சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, டேட்டா போவதற்கான கம்பியே அதில் இருக்காது. ஒரு காதில் மட்டும் பாட்டு கேட்டால் முதலில் வேறு இயர்போன் போட்டுப் பாருங்கள், பிறகு துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 64 ஜிபி கார்டு, ஃபைல்களை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வருகிறது. பழைய பிளேயர்கள் பல ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும், அதனால் நல்ல கார்டையே கெட்டது என்று காட்டும். இவை எதற்கும் 1,800 ரூபாய் தேவையில்லை.

போலி கார்டு விஷயம் இதைவிட மோசம். 4 ஜிபியோ 8 ஜிபியோ இருக்கிற சில்லை 32 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். உள்ளே இடம் தீர்ந்த பிறகும் கம்ப்யூட்டர் காப்பி ஆகிறது என்றே காட்டும். ஆனால் பின்னால் போன ஃபைல் எதுவும் அங்கே இருக்காது, சிலவற்றில் பழையதன்மேலேயே எழுதிவிடும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். அதில்தான் எனக்கு வந்த கார்டின் லட்சணமும் தெரிந்தது.

அமுச்சியின் பதிவுகள் பிளேயரின் உள் நினைவகத்தில் இருந்தன. கேட்காமலேயே அதை ஃபார்மட் செய்து அழித்திருந்தார்கள். கார்டு போனதைவிட இதுதான் என்னால் பொறுக்க முடியாதது. உங்களுக்கு இப்படி ஆனால் அந்தப் பிளேயரில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள், பதிவும் செய்யாதீர்கள். மேலே எழுதப்படாதவரை பழைய ஒலி பெரும்பாலும் அடியில் இருக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தங்கச்சி மகன் தேடினான். ஃபைல் பெயர்கள் போய்விட்டன, எண்கள்தான் வந்தன. தாலாட்டு முழுதாகக் கிடைத்தது. நடவுப் பாட்டில் பாதிதான்.

திரும்பப் போய்க் கேட்டபோது கடைக்காரர், "கேரளாவுல இருந்து வந்து கேஸ் போடப் போறீங்களா?" என்றார். போடலாம். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு அது பாலக்காடு. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தால் என்ன செய்வதென்று சொல்வார்கள்.

துண்டுச் சீட்டு, போனில் பணம் அனுப்பிய பதிவு, போர்டு எண்ணும் பெட்டி எண்ணும் தெரியும் படங்கள், கார்டு சோதனை முடிவு எல்லாம் எடுத்துவைத்திருக்கிறேன். பணமும் கார்டும் திரும்ப வேண்டும் என்று கடைக்குத் தபாலில் கடிதம் போய்விட்டது. இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் பாலக்காட்டில் புகார் கொடுக்கிறேன். பொள்ளாச்சியில் இதேபோல் போர்டு மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டவர்கள் இருந்தால், உங்கள் போர்டு எண்ணையும் பெட்டி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.