பென்டகன் நாற்காலி: ஜெனரலா, மேஜரா, கோப்பு பார்த்தவரா?

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு யாருடைய பெயர் அடிபட்டாலும் முதலில் எழுகிற கேள்வி, ராணுவத்தில் இவர் என்னவாக இருந்தார் என்பதுதான். 2024 நவம்பரில் பீட் ஹெக்செத் பெயரை டிரம்ப் அறிவித்தபோதும் அதே சண்டை. தேசியக் காவல் படையில் மேஜர், அப்புறம் டிவி தொகுப்பாளர், இவரிடமா ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் இருக்கிற துறையை ஒப்படைப்பது என்று ஒரு தரப்பு கேட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் களத்தில் நின்றவர், ஜெனரல்கள் ஆண்டு கிழித்தது போதும் என்று இன்னொரு தரப்பு. பதவியின் பெயரையும் சீருடையையும் வைத்தே எடை போடுகிற இந்தப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

அவருக்கு முன்னால் இருந்த லாயிட் ஆஸ்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நட்சத்திர ஜெனரல், 41 வருட சேவை, மத்திய கிழக்கைக் கவனிக்கும் மத்தியக் கட்டளைப் பிரிவின் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்று ஏழு வருடமாவது ஆகாத ராணுவ அதிகாரி இந்தப் பதவிக்கு வரக் கூடாது என்று அப்போது சட்டமே இருந்தது. 1950இல் ஜார்ஜ் மார்ஷல், 2017இல் ஜேம்ஸ் மாட்டிஸ் ஆகியோருக்குக் கொடுத்த விதிவிலக்கை 2021இல் இவருக்கும் கொடுத்தார்கள். இந்த நியமனங்களுக்கு ஒப்புதல் தர வேண்டிய நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அவருக்குக் கிடைத்தது 93-2. ஹெக்செத்துக்கோ 50-50 என்று இழுபறியாகி, துணை அதிபர் வான்ஸ் வந்து வாக்குப் போட்டுத்தான் கரை சேர்ந்தது. பயோடேட்டாவை மட்டும் பார்த்தால் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் அந்த அனுபவசாலி ஜெனரல்தான் 2024 ஜனவரி 1 அன்று மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு அதிபருக்குச் சொல்லவில்லை. வெள்ளை மாளிகைக்கு விஷயம் தெரிந்தது 4ஆம் தேதி. இடையில் அவருடைய அதிகாரங்களைப் பெற்றுக்கொண்ட துணை அமைச்சருக்குக்கூட காரணம் தெரியாது. புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல், மனிதராக அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. இருந்தாலும் அந்த நாற்காலியில் இருப்பவர் மூன்று நாள் எங்கே என்று அதிபருக்கே தெரியாமல் இருப்பதை எத்தனை நட்சத்திரமும் ஈடுகட்டாது.

சரி, மேஜர்? களப்புழுதி படிந்த பூட்ஸ் போட்டவருக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்பது ஹெக்செத்தின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, மேசையில் எடுக்கும் முடிவு கீழே எந்தச் சிப்பாயின் தலையில் விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் செனட் விசாரணையில் செனட்டர் டாமி டக்வர்த், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் எத்தனை நாடுகள் என்று கேட்டபோது அவர் சொன்னது தென் கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா பற்றி. மூன்றுமே அதில் உறுப்பினர்கள் கிடையாது. எண்ணிக்கை மறந்துபோவது பெரிய குற்றமில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

தகுதிப் பட்டியல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1989 போதும். செனட்டின் ராணுவக் குழுவுக்கே தலைவராக இருந்த ஜான் டவரை, குடிப்பழக்கத்தையும் ஆயுத நிறுவனத் தொடர்புகளையும் காரணம் காட்டி இந்தப் பதவிக்கு வேண்டாம் என்று 47-53 வாக்குகளில் அதே செனட் திருப்பி அனுப்பியது. அடுத்து வந்த டிக் செனி சீருடையே போடாதவர். 92-0. வளைகுடாப் போரை நடத்தியது அவர்தான்.

எனக்குப் பிடித்த அளவுகோல் ராபர்ட் கேட்ஸ். சிஐஏவில் படிப்படியாக மேலே வந்தவர், விமானப்படையில் இருந்தது சொற்ப காலம். 2006 டிசம்பர் 5 அன்று செனட் விசாரணையில் செனட்டர் கார்ல் லெவின், ஈராக்கில் நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோமா என்று கேட்டார். தன்னை நியமித்த புஷ் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஜெயிக்கிறோம் என்று அடித்துச் சொல்லியிருந்தார். கேட்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "இல்லை ஐயா" என்றார், அவ்வளவுதான். மறுநாளே 95-2 என்று ஒப்புதல் கிடைத்தது. அடுத்த பெயர் வரும்போது, நியமித்தவருக்குக் கசக்கிற ஒரு பதிலாவது அவர் வாயிலிருந்து வருகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.