பன்னி செல்லா, ஸ்டெம் செல்லா, பழைய ஊசியேவா?

சேரன்மகாதேவியில் அண்ணன் வீட்டு அடுக்களை மூலையில் ஒரு காருகுறிச்சி மண்பானை உண்டு. உள்ளே தண்ணீர், அதில் மிதக்கிற டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் குப்பி. கரண்ட் போய் நேரமானால் ஃபிரிட்ஜிலிருந்து குப்பி பானைக்குக் குடிபோகும். அண்ணன் மகனுக்குப் பதினாலு வயது, டைப் 1 சுகர், அதாவது கணையம் இன்சுலின் சுரக்காத வகை, தினமும் நாலு ஊசி. "பன்னி செல்லு வச்சா ஊசி வேண்டாமாம்லா சித்தப்பா?" என்று போன ஞாயிறு கேட்டான். பன்றிக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லை எடுத்து மனித உடம்பில் வைக்கிற ஆராய்ச்சியைத்தான் சொல்கிறான்.

ஆச்சிக்கு இதில் சங்கடமே இல்லை. "சுடலைக்குக் கொடையில வெட்டி, திங்கவும் செய்யுதோம். உள்ள வச்சா மட்டும் ஆகாதோ?" என்றாள். மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பனிடம் கேட்டால் அவன் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வான்.

உண்மையில் பன்றி நமக்குப் பழைய உறவு. அதன் இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் 51 அமினோ அமிலங்களில் ஒன்றுதான் வித்தியாசம். 1982-இல் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை பன்றி, மாட்டுக் கணையத்துச் சரக்கைத்தான் உலகம் ஊசியில் ஏற்றிக்கொண்டது. சரக்குக்குப் பதில் அதைச் சுரக்கும் செல்லை, அதாவது ஆலையையே, உள்ளே வைத்தால் என்ன என்பதுதான் இப்போதைய யோசனை.

1994-இல் சுவீடனில் கார்ல் குரோத் குழு பத்துப் பேருக்குப் பன்றிக் கருவின் கணையச் செல்களை வைத்ததாக அறிவித்தது. சிலருக்குச் செல்கள் பல மாதம் உயிரோடிருந்தன. ஆனால் யாருக்கும் ஊசி குறையவில்லை. நியூசிலாந்தில் 1996-இல் ஒருவருக்கு, கடற்பாசியில் எடுக்கும் ஆல்ஜினேட் உறைக்குள் செல்களை அடைத்து வயிற்றுக்குள் விட்டார்கள். சர்க்கரையும் இன்சுலினும் உறையைத் தாண்டும், நம் எதிர்ப்பு அணுக்கள் தாண்டாது என்பது கணக்கு. தொடக்கத்தில் இன்சுலின் 30 சதவீதம் வரை குறைந்தது, அப்புறம் பழைய நிலைதான். ஒன்பதரை வருஷம் கழித்துப் பார்த்தபோது சில செல்கள் உயிரோடு இருந்தன. எனக்கு இது நம்பிக்கையும் தருகிறது, எரிச்சலும் தருகிறது. பிழைத்துக் கிடக்கிறது, சம்பாதிக்கத்தான் மாட்டேன் என்கிறது! உறையைச் சுற்றித் தழும்பு வளர்ந்தால் உள்ளே ஆக்சிஜன் போகாது, அங்கேதான் சிக்கல்.

இன்னொரு பயம் வைரஸ். பன்றியின் மரபணுவுக்குள்ளேயே குடியிருக்கும் ரெட்ரோ வைரஸ் ஆய்வுக்கூடத்தில் மனிதச் செல்லைத் தொற்றும் என்று 1997-இல் காட்டினார்கள். 2017-இல் மரபணுவை வெட்டித் திருத்தி அது செயலிழந்த குட்டிகளையே பிறக்க வைத்துவிட்டார்கள். ஆகவே இந்தப் பயத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை.

சரி, போட்டிக்கு நிற்பது யார்? இறந்தவர்கள் தானம் செய்த கணையத்துச் செல்கள் ஒன்று. 2000-இல் கனடாவின் எட்மண்டனில் ஏழு பேர் ஊசியை விட்டார்கள். பெரிய குழுவை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் சுமார் பத்தில் ஒருவர்தான் ஊசியில்லாமல் இருந்தார். பெரும்பாலும் ஒருவருக்கே இரண்டு பேரின் கணையம் வேண்டியிருந்தது. தானத்துக்கு எங்கே போவது?

இன்னொன்று, வேறு வகைச் செல்லாக வளர்த்தெடுக்கக்கூடிய ஸ்டெம் செல். அதில் ஆலையே வேண்டிய அளவு வளரும். 2025-இல் வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் ஸ்டெம் செல்லில் செய்த சோதனையின் முடிவு வந்தது: முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷத்தில் ஊசி தேவைப்படவில்லை. பன்றியால் இதுவரை இப்படி ஒரு கணக்குக் காட்ட முடியவில்லை. ஏராளமாகக் கிடைக்கும் என்ற அதன் ஒரே துருப்புச்சீட்டும் இதனால் செல்லாமல் போகும் போலிருக்கிறது.

ஆனால் அந்த 12 பேரும், வைத்த செல்லை உடம்பு அழித்துவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தார்கள். அதே சோதனையில் ஒருவர் பூஞ்சைத் தொற்றால் மூளைக்காய்ச்சல் வந்து இறந்தும் போனார். செல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வைத்த பிறகு என்ன மாத்திரை விழுங்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தாழ்சர்க்கரையில் அடிக்கடி மயங்கி விழுகிறவருக்கு அந்த மாத்திரை லாபமாகலாம். நாலு ஊசியோடு ஓடியாடும் பையனுக்கு நஷ்டம். எங்கள் தெருவில் சுகர் மாத்திரையோடு நடக்கும், இன்சுலின் இன்னும் சுரக்கிற டைப் 2 மாமாக்களுக்கு இந்தப் பந்தயத்திலேயே இடமில்லை.

இப்போது நான் கவனித்துப் பார்ப்பது சுவீடனின் உப்சாலாவை. தானச் செல்லின் மரபணுவைத் திருத்தி, அடக்கு மருந்தே இல்லாமல், ஒருவரின் முன்கைத் தசையில் வைத்திருக்கிறார்கள். அளவு கொஞ்சம்தான், ஊசியை நிறுத்தப் போதாது. ஆனால் செல்கள் இன்சுலின் சுரக்கின்றன.

இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்தான். "கையிலயா? அப்போ பௌலிங் போட முடியுமா?"