முன்கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு தருகிறது? கொழும்பில் வேகன் ஆர் ஓட்டிய அனுபவம்

வேகன் ஆரை லீசிங்கில் எடுத்ததால் ஆரம்பத்திலிருந்தே புல் இன்ஷூரன்ஸ்தான். லீசிங் கட்டி முடிந்த பிறகும், மற்றவருக்கு நாம் செய்யும் சேதத்தை மட்டும் பார்க்கும் தேர்ட் பார்ட்டிக்கு மாறவில்லை. காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே தினமும் ஓடுகிற வாகனத்துக்கு அது போதாது. கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கண்ணாடி விஷயத்தில் எல்லாம் பொலிசிக்குள் இருக்கும் ஒரு வரியில்தான் தங்கியிருக்கிறது, அந்த வரி கொம்பனிக்குக் கொம்பனி மாறும். சில பொலிசிகளில் கேட்டு வாங்கினால்தான் அது இருக்கும்.

என்னுடைய பொலிசியில் முன்கண்ணாடிக்கு 25,000 ரூபா வரை, வருடத்துக்கு ஒரு தடவை, நோ கிளெய்ம் போனஸைத் (கிளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு) தொடாமல் எடுக்கலாம் என்று இருந்தது. வாகனம் வாங்கிய காலத்தில் அது தாராளம். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரியும் 15இலிருந்து 18 வீதமானது. ஸ்பெயார் பார்ட்ஸ் விலை என்ன ஆகியிருக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வாகனத்தின் பெறுமதியை மட்டும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கூட்டச் சொல்லி ஏஜென்ட் தவறாமல் கோல் எடுப்பார், ஏனென்றால் அதோடு பிரீமியமும் கூடும். கண்ணாடியின் 25,000 அப்படியே கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

முதல் அடி சின்னது. கொட்டாவைக்குக் கிட்ட ஒரு டிப்பரிலிருந்து தெறித்த கல், இடது பக்கம் மிளகளவில் ஒரு பொட்டு. முன்கண்ணாடி என்பது நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடிகள். கதவுக் கண்ணாடி மாதிரிப் பொடிப்பொடியாக உதிராமல் வெடித்தபடி நிற்பதற்கு அந்தத் தாள்தான் காரணம். உள்பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வெளிக் கண்ணாடியில் மட்டும்தான் காயம். அப்படியென்றால் ரெசின் என்ற திரவப் பிசினை ஏற்றிக் காப்பாற்றலாம்.

இதில் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பொட்டின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள். கொழும்பு மழையும் தூசும் உள்ளே போய்விட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது, பிறகு அங்கே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெயிலில் கொதித்த கண்ணாடிக்கு ஏசியை முழு வேகத்தில் திருப்புவதையும் அந்த நாட்களில் விட்டுவிடுங்கள். சூடும் குளிரும் ஒரே நேரத்தில் பட்டால் பொட்டு கோடாக ஓடும்.

ரெசின் வேலைக்கும் கொம்பனி காசு தரும் என்றார்கள். நான் எடுக்கவில்லை. செலவு சில ஆயிரம்தான், அதற்காக வருடத்தின் ஒரே கிளெய்மை முடித்துக்கொண்டால் மிச்ச மாதங்களுக்கு என்ன செய்வது? கையிலிருந்து கட்டினேன். கண்ணாடியில் ஒரு சின்னப் பம்பை ஒட்டி, உள்ளே இருந்த காற்றை இழுத்து, ரெசினை விட்டு, நீல வெளிச்சத்தில் காய வைத்து, பிளேடால் வழித்தார்கள். ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம். தேடிப் பார்த்தால் மங்கலாக ஓர் அடையாளம் தெரியும், ஓட்டும்போது தெரியாது. சாரதியின் பார்வைக்கு நேரே அடி விழுந்திருந்தால் இதைச் செய்யக் கூடாது, அந்த மங்கலே இரவில் எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

அதே பொலிசி வருடத்திலேயே இரண்டாவது அடியும் விழுந்தது. வவுனியாவிலிருந்து ஏ9 வழியாகத் திரும்பும்போது, மதவாச்சி தாண்டி, முன்னால் போன லொறி தெறித்த கல். இது கண்ணாடியின் ஓரத்திலேயே பட்டது. ஓர வெடிப்பு நிற்காது. தம்புள்ளை வருவதற்குள் வைப்பரின் நீளத்துக்கு வந்துவிட்டது.

ஓரமாக நிறுத்தி அங்கிருந்தே ஹொட்லைனுக்குக் கோல் எடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விடாதீர்கள்; எங்கே, எத்தனை மணிக்கு என்பது அந்தக் கோலில்தான் பதிவாகிறது. போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மறுநாள் வெள்ளவத்தை வீட்டுக்கே கொம்பனிக்காகச் சேதத்தைப் பார்க்கும் அசெஸர் மோட்டார் சைக்கிளில் வந்தார். செசி நம்பரைப் படம் எடுத்தார், லைசன்ஸையும் வாகனப் புத்தகத்தையும் பார்த்தார், வெடிப்பைப் பல கோணங்களில் எடுத்தார். மரியாதையான மனிதர், வேகமான வேலை. இதுவரைக்கும் கொம்பனிக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

சிக்கல், கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில். கண்ணாடிக் கடை நானா எஸ்டிமேட் எழுதும்போதே சொன்னார்: "இன்ஷூரன்ஸ் தாற காசுக்குச் சீனா கிளாஸும் முழுசா வராது தங்கச்சி. ஜப்பான் வேணும்னா இன்னும் மேலே போடணும்." ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கண்ணாடியின் விலை 25,000ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். மிச்சம் என் தலையில். கொம்பனியிடம் கேட்டால் பொலிசியில் உள்ளதைத்தான் தர முடியும் என்றார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் பெறுமதியைக் கூட்டச் சொல்லி வருடா வருடம் கோல் எடுத்தவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சீனக் கண்ணாடி எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். மூலையில் சிசிசி என்ற சீனத் தரச் சான்று முத்திரை இருக்கும், விலை குறைவு, நல்லதும் கிடைக்கும். நானா இரண்டையும் வெளியே எடுத்து நிறுத்திக் காட்டினார். கண்ணாடியைச் சாய்வாக வைத்து அதனூடாகத் தெருவிலுள்ள லைட் போஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே தலையை மெல்ல அசைத்தேன். மலிவான துண்டில் கம்பம் நெளிந்தது, மற்றதில் நேராக நின்றது. என் வாகனத்தில் கண்ணாடியின் உச்சியில் பிரேக் உதவிக் கமரா வேறு இருக்கிறது. அது இந்தக் கண்ணாடி வழியாகத்தான் வீதியைப் பார்க்க வேண்டும். கூடக் காசு போட்டு ஜப்பான் கண்ணாடியையே எடுத்தேன்.

கமரா உள்ள வாகனம் என்றால் கண்ணாடி மாற்றிய பிறகு அதை மறுபடி நிலைப்படுத்த வேண்டும், கலிப்ரேஷன் என்பார்கள். அதற்கு ஸ்கேனர் உள்ள கராஜ் வேண்டும், தனிக் காசு. அசெஸர் கையெழுத்து வைப்பதற்கு முன்பே எஸ்டிமேட்டில் அதையும் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு கொண்டுபோனால் எடுக்க மாட்டார்கள்.

பூட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, நடுவில் மெல்லிய கம்பி. இரண்டு பேரும் மாறி மாறி இழுக்கப் பழைய பசை அறுந்து வருகிறது. வேகமாக இழுத்தால் தூணின் பெயின்ட் போகும், பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும், துரு வந்தால் ஒழுகும். பிரைமர் பூசிக் காயவிட்டு, பசையை ஒரே நீட்டாக வைத்து, இரண்டு பேரும் கண்ணாடியைத் தூக்கி இறக்கினார்கள். அன்றைக்கு ஒரு பக்கக் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைக்கச் சொன்னார் நானா. எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று ஈரப் பசையைத் தள்ளிவிடுமாம். கழட்டுவதற்கு முன் பழைய கண்ணாடியிலிருந்த ரெவின்யூ லைசன்ஸை (வருடாந்த வாகன வரிப் பத்திரம்) எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை வந்து போய்விட்டது. ஒழுகவில்லை, ஹைவேயில் காற்றுச் சத்தமும் இல்லை. பழைய வைப்பர் பிளேட்டைப் புதுக் கண்ணாடியில் விட வேண்டாம், கீறிவிடும். நோ கிளெய்ம் போனஸும் சொன்னபடியே குறையாமல் வந்தது.

ஆர்ப்பாட்டத்தில் யாரோ எறிந்த கல்லுக்கு இந்தக் கண்ணாடி வரி உதவாது. அது வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதத்துக்கான தனிக் காப்புறுதியில் வரும், அதைப் பொலிசியில் சேர்த்திருக்க வேண்டும். 2022 மே 9 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இந்த முறை புதுப்பிக்கும்போது கண்ணாடியின் தொகையைக் கூட்டச் சொல்லி ஈமெயிலில் எழுதினேன், கோலில் சொல்லவில்லை. பிரீமியம் கூடியது ஒரு குடும்பம் வெளியே போய்ப் பகல் சாப்பாடு சாப்பிடுகிற காசு கூட இல்லை. பஞ்சிகாவத்தையில் அன்றைய விலையைக் கேட்டுவிட்டுத்தான் தொகையைச் சொன்னேன். புதுப் பொலிசி வந்ததும் அந்த வரியைத்தான் முதலில் பார்த்தேன். பழைய 25,000ஏ இருந்தது. திருப்பி அனுப்பித் திருத்தி வாங்க இன்னும் ஒரு வாரம் போனது.