டோஸ்ட்மாஸ்டர்ஸ்: சில வருஷம் போன பிறகு என் கருத்து

மேடையில் பேசப் பழக எங்கே போகலாம் என்று தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் தெரிந்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. நான் பாரிமுனையில் ஒரு சரக்கு ஏஜென்சியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். கம்பெனி கம்பெனியாகப் போய் பிரசென்டேஷன் கொடுப்பதுதான் பாதி வேலை. கூடி உட்கார்ந்து மேடைப் பேச்சுப் பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் பயத்தைப் போக்க ரொம்ப நல்ல இடம், ஆனால் வியாபாரப் பேச்சுக்கு அது பாதி தூரம்தான் கொண்டுபோகும்.

1924-ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது இது. வாத்தியார் என்று யாரும் இல்லை, உறுப்பினர்களே ஒருவர் பேச்சை ஒருவர் எடைபோட்டுச் சொல்கிறார்கள். முதல் பேச்சு உங்களைப் பற்றியே, 4 முதல் 6 நிமிடம். 4-ல் பச்சை, 5-ல் மஞ்சள், 6-ல் சிவப்பு காட்டுவார்கள். நீங்கள் எத்தனை முறை 'ஆ', 'வந்து', 'அதாவது' சொன்னீர்கள் என்று எண்ணுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். இதையெல்லாம் விட எனக்கு உதவியது டேபிள் டாபிக்ஸ்தான்: தலைப்பை அப்போதுதான் சொல்வார்கள், எழுந்து 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். கஸ்டமர் நடுவில் குறுக்கிட்டு "சரி, டிடென்ஷன் (கண்டெய்னரை இலவச நாள் தாண்டி வைத்திருந்தால் கட்டும் தொகை) எவ்வளவு வரும்?" என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே பதில் சொல்லும் பழக்கம் அங்கேதான் வந்தது.

அங்கே கிடைக்காதது ஸ்லைடு வேலை. கட்டண அட்டவணையை அப்படியே திரையில் போட்டால் எல்லாரும் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள், நீங்கள் பேசுவது யார் காதிலும் விழாது. இப்போது முதல் ஸ்லைடில் ஒரே ஒரு எண்தான் வைக்கிறேன்: இலவச நாள் தாண்டி கண்டெய்னர் நின்றதால் போன மாதம் அந்தக் கஸ்டமர் கம்பெனி கட்டிய தொகை. அதைப் பார்த்ததும் அந்தக் கம்பெனி முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அப்புறம், பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது பி விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், பார்வை முழுக்க உங்கள் பக்கம் திரும்பும். ஒத்திகையைப் போனில் பதிவு செய்து கேட்பதும் வேண்டும், வேகமாகப் பேசுகிறோமா என்பது அப்போதுதான் தெரியும்.

பேச்சுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. 1949-ல் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திமுக தொடங்கியபோது கொட்டும் மழையில் அண்ணா பேசியதை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மேடைக் குரலைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரியும், ஆனால் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் ஏசி ரூமில் அதே குரல் எடுபடாது. குரலை இறக்கி, ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி வடசென்னைப் பேச்சை மாற்றிக்கொள் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கு விஷயம் தெளிவாக இருந்தால் போதும், உச்சரிப்பை யாரும் அளப்பதில்லை.

சேர்வதற்கு முன் இரண்டு மூன்று கிளப்புக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். மதிப்பீடு செய்கிறவர் "சூப்பர், கலக்கிட்டீங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் அடுத்த கிளப்பைத் தேடுங்கள். எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்த வாக்கியம் நீண்டது என்று பிடித்துச் சொல்கிற கிளப்புக்குத் தாராளமாகப் பணம் கட்டலாம்.