ஸ்கிரபிளுக்கு எதை முதலில் பாடமாக்குவது: குட்டிச் சொற்களா, நீளச் சொற்களா?

எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிரபிள் விளையாட்டைப் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு நாம் முதலில் கொடுப்பது, கொப்பி நிறைய எழுதிய ஏழு, எட்டு எழுத்து அபூர்வச் சொற்கள். ஏழு காயையும் ஒரே தரத்தில் வைத்தால் 50 மேலதிகப் புள்ளி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பாடசாலை முடிந்து, பஸ் வருமுன் அரை மணித்தியாலம் மட்டும் பயிற்சி கிடைக்கும் பிள்ளைக்கு நான் இரண்டெழுத்துச் சொற்களையே முதலில் கொடுக்கச் சொல்வேன்.

ஆட்டத்தில் செல்லும் சொற்களைத் தரும் கொலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. நாளுக்குப் பத்து என்றால் 13 நாளில் முடிந்துவிடும். மொத்தப் பட்டியலோ இரண்டு இலட்சத்து எழுபத்தொன்பதாயிரத்தைத் தாண்டுகிறது.

பலகையில் குளத்தைக் குறிக்கும் ரி-ஏ-என்-கே கிடக்கிறது என்று வையுங்கள். கையில் உள்ளவை ஏ, ஆர், ஈ, ஏ. ஒவ்வொன்றும் ஒரு புள்ளிதான். ஏ-ஆர்-ஈ-ஏ என்பதை அதன் கீழே நேருக்கு நேர் வைத்தால், மேலிருந்து கீழாக நான்கு சொற்கள் உருவாகும். ரி-ஏ: நன்றி. ஏ-ஆர்: ஆர் என்ற எழுத்தின் பெயர். என்-ஈ: ஆணின் இயற்பெயருக்கு முன் வருவது. கே-ஏ: பண்டை எகிப்தியர் நம்பிய ஆவி. கே-க்கு 5 புள்ளி; குறுக்குச் சொல்லையும் கீழ்நோக்கிய நான்கையும் கூட்டினால், புள்ளியைப் பெருக்கும் நிறப் பெட்டி ஒன்றுகூட இல்லாமல் 16 புள்ளி. அந்தச் சொல்லை மட்டும் கணக்கிட்டால் வெறும் 4.

கியூ வந்தால் பிள்ளைகள் யூவைத் தேடி ஏங்குவார்கள். தேவையில்லை. கியூ-ஐ, சீனர் சொல்லும் உயிர்ச்சக்தி. எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் பெட்டியில் 10 புள்ளிக் கியூ விழுந்து, வலப்பக்கமும் கீழும் ஐ அமைந்தால் 31 இரண்டு தரம், 62. அந்தக் காய் கையில் தேங்கியிருக்க எதிராளி முடித்துவிட்டால், அந்த 10 உங்களிடம் கழிந்து அவருக்குக் கூடும்: 20 புள்ளி வித்தியாசம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புத்தான். இரண்டெழுத்துச் சொல் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை கைக்கு வரும். ஆட்டமே அதை நினைவில் வைத்திருக்கும். நீளச் சொல் அப்படியல்ல. குளக்கட்டுக்கு வருடாவருடம் மண் போடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்க்காவிட்டால் கரைந்துபோகும். ‘அணைக்கட்டு’ என்ற நம் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஏ-என்-ஐ-சி-யூ-ரி பட்டியலில் இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் ஆறெழுத்து, அந்த 50 வராது. நம் சுருட்டு ஆங்கிலத்தில் சி-எச்-ஈ-ஆர்-ஓ-ஓ-ரி என்று ஏழெழுத்து, இருந்தாலும் சி, எச், இரண்டு ஓ எல்லாம் ஒன்றாகக் கைக்கு வருவது அரிது.

பாடமாக்கும்போது நடக்கும் பிழை ஒன்று: சொல்லைத் தமிழ் ஒலியில் எழுதிவைப்பது. ‘கா’ என்று எழுதினால் கே-ஏ செல்லும், ஜி-ஏ செல்லாது. கொப்பி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ‘வோ’வும் அப்படித்தான். டபிள்யூ-ஓ செல்லும், வி-ஓ செல்லாது. வி எழுத்துக்கு இரண்டெழுத்துச் சொல்லே கிடையாது. பழைய அழைப்பிதழ் மட்டையை வெட்டி, முன்பக்கம் ஆங்கில எழுத்தில் சொல், பின்பக்கம் தமிழில் பொருள் எழுதுங்கள். பொருளை விடவேண்டாம், சொல் ஒட்டுவது அதனால்தான். ஏ-ஏ-எல்-ஐ-ஐ என்பது ஹவாய்த் தீவு மரம். அது நம் விராலியேதான் என்று தெரிந்தால், நான்கு உயிரெழுத்தை ஒரேயடியாகக் கழிக்கும் அந்தச் சொல் மறக்காது. மட்டையின் ஓரத்தில் முன்னால் சேரும் எழுத்தையும் குறியுங்கள்: கே-ஏ முன் எஸ் வந்தால் ஜமெய்க்கா இசை.

மாகாண மட்டத்தைத் தாண்டி ஆடுபவருக்கு இந்தக் கணக்கு மாறலாம். அங்கே எல்லோருக்கும் குட்டிச் சொல் தெரிந்திருக்கும். அப்போதும் அபூர்வச் சொல்லைவிட, சாதாரண எழுத்தாலான ஆறெழுத்து அடியே நல்லது. ஆர், ஈ, ரி, ஐ, என், ஏ ஆறையும் கையில் சேர்த்து வைத்தால், ஜி வந்தால் கருங்கல், எம் வந்தால் பள்ளிவாசல் மினாரா, கே வந்தால் நகத்திலும் முடியிலும் உள்ள புரதம்.