நரி இல்லாத ஊரில் கோழிக் கூண்டு: எர்ணாவூரிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

2019-ல் வாங்கிய கோழிக் கூண்டில் இன்றைக்கு மிச்சம் இருப்பது இரும்புச் சட்டமும் மேல் தகடும் மட்டும்தான். வலை, தரை, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. எது ஏன் மாறியது, எது இன்னும் தாங்குகிறது என்று எழுதி வைத்தால், வட சென்னைப் பக்கம் வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கு உபயோகப்படும். மொட்டை மாடியில் வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எங்கள் வீடு எர்ணாவூரில். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், கால்வாய்க் கரையில் சீமைக்கருவேலம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை, ஒரு முருங்கை மரம், கைக்கு அடங்குகிற அளவில் சிறுவிடைக் கோழிகள். கோழியைக் காப்பாற்றுவது பற்றி வரும் வீடியோக்களில் பெரும்பாலும் நரிதான் வில்லன். மின்சார வேலி, ராத்திரியில் சிவப்பாக மினுக்குகிற சோலார் விளக்கு என்று சாமான்களும் அதற்குத் தகுந்தாற்போல. எங்கள் தெருவில் நரியைப் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே ராஜ்யம் பெருச்சாளியுடையது. அதற்கு அடுத்துதான் தெருநாய், பூனை, கீரி, சாரைப்பாம்பு. மேலே பருந்தும் காக்காயும். அதனால் பணத்தை எங்கே போடுவது என்ற கணக்கும் மாறிவிடுகிறது. கூண்டின் அடிப்பாகத்துக்குத்தான் முதல் செலவு. மற்றதெல்லாம் அப்புறம்.

வாங்கும்போது கூண்டோடு வந்தது அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழி வலை. மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியிலிருந்து ஒன்று உள்ளே வர நினைத்தால் போதாது. கடல் காற்றில் மண்ணைத் தொடும் ஓரம் முதலில் துருப்பிடித்து, விரலால் அழுத்தினாலே பொடிந்தது. ஒருநாள் காலையில் குஞ்சுகளில் பாதியைக் காணோம், தாய்க்கோழியின் கால் விரல்கள் கடிபட்டு ரத்தமாக இருந்தன. நான் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டு, "பூனை இன்னாத்துக்குக் கண்ணு கால கடிக்கப் போவுது? இது பெருச்சாளி வேலை. மூலையில மண்ணு தள்ளியிருக்குதா பாரு" என்றார். பார்த்தோம். கூண்டின் பின் மூலையில் புது மண் குவியலாகத் தள்ளியிருந்தது, கீழே வளை.

கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. பரணில் அடைந்துவிட்டால் யார் வந்து காலைக் கடித்தாலும் ஓடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் ராத்திரியில் கோழி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கையே வேண்டாம். கூண்டுதான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்து மாற்றியது அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்டிங் செய்த வலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாரிமுனைப் பக்கம் கடைகளில் கேட்டால் எல்லாமே "ஜிஐ வலை" (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு வலை) என்று ஒரே பெயரில்தான் வரும். முதலில் கேஜ், அதாவது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண். எண் ஏற ஏறக் கம்பி மெலியும்: 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 22 கேஜ் என்றால் 0.7 மில்லிமீட்டர். நாய் பல்லால் கவ்வி இழுத்தாலும் வளையாமல் நிற்க 16 வேண்டும், குறைந்தது 18. விலை கூடுதல்தான், ஆனால் வலையை இரண்டு தடவை மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் குறைவு. இரண்டாவது, துத்தநாகப் பூச்சு. ஏற்கெனவே பூச்சு போட்ட கம்பியை வெல்டிங் செய்தால், வெல்டிங் சூட்டில் ஒவ்வொரு முடிச்சிலும் அந்தப் பூச்சு எரிந்துபோகும். உப்புக் காற்று சரியாக அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் முடிந்த பிறகு முழு வலையையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது வேறு ரகம். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். முடிச்சில் கறுத்த தீப்பட்ட தழும்பு தெரிந்தால் முதல் ரகம். முடிச்சு மேல் வெள்ளி நிறமாக மெழுகி மூடினது போல இருந்தால் இரண்டாவது. எங்கள் கூண்டில் மூன்று பக்கம் இரண்டாவது ரகம், பின் பக்கம் மட்டும் கடையில் தீர்ந்துபோனதால் முதல் ரகம். ஒரே நாளில் போட்டவைதான். பின் பக்க முடிச்சுகள் எல்லாம் இன்று காவி நிறம். மற்ற மூன்றில் அங்கங்கே வெள்ளைப் பொடி பூத்ததோடு சரி.

வலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தரையோடு நின்றுவிட்டால் பெருச்சாளிக்குக் கவலை இல்லை, கீழே போய் மேலே வரும். சிமென்ட் தரை போடலாம். ஆனால் கோழிக்கு மண்ணைக் கிளறிக் குளிக்காவிட்டால் பேன் தொல்லை. நாங்கள் செய்தது பாவாடை கட்டுவது: கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்க வைத்து, சுவர் வலையோடு கம்பியால் தைத்து, மேலே உடைந்த செங்கலும் மண்ணும் போட்டு மூடினோம். தோண்டுகிற விலங்கு சுவரின் அடியில் வந்துதான் தோண்ட ஆரம்பிக்கும்; இரண்டடி பின்னால் போய் ஆரம்பிக்கலாம் என்று அதற்குத் தோன்றாது. பாவாடை போட்ட பிறகு வெளியே வளை பார்த்திருக்கிறேன், உள்ளே ஒன்றும் வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் நான் செய்த செலவுகளில் இதற்குத்தான் முழு மதிப்பெண்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லாமே சோதனைக்கு வந்தது. அந்த வெள்ளத்தில் எங்கள் பக்கம் தண்ணீர் மட்டும் வரவில்லை, எண்ணெயும் சேர்ந்து வந்தது. கோழிகளை மாடிக்குத் தூக்கிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்ததால் பிழைத்தன. இறகில் எண்ணெய் பட்டால் அலகால் கோதிக் கோதி அதையே விழுங்கிவிடும் என்பதால், தண்ணீர் வடிந்த பிறகும் கீழே விடவில்லை. கூண்டுக்குள் மேல் மண்ணை வெட்டி எடுத்துக் கொட்டிவிட்டுப் புது மணல் போட வேண்டியிருந்தது. வலையைச் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தோம். அந்த வருஷம் கூண்டின் கால்கள் மட்டும் துருப்பிடிக்கவில்லை என்று வீட்டில் இன்றும் கேலி பேசுவார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வருகிற வாரங்கள்தான் உண்மையில் மோசம். வளைகளெல்லாம் மூழ்கிப்போன பெருச்சாளிகள் மேடான இடம் தேடி மாடிப்படிக்கு அடியில் குடி வந்தன. அவற்றின் பின்னாலேயே பாம்பும் வந்தது. மழைக்காலத்தில் முட்டையைச் சாயங்காலம் வரை விட்டு வைக்காதீர்கள். முட்டை காணாமல் போய் ஓடுகூடக் கிடைக்கவில்லை என்றால் சாரையைச் சந்தேகப்படலாம். அது முழுசாக விழுங்கிவிடும். அரை அங்குல வலையில் பெரிய சாரை நுழைய முடியாது. குட்டிப் பாம்பு நுழையும், ஆனால் அந்த அளவுப் பாம்பால் கோழி முட்டையை விழுங்க முடியாது. சாரைக்கு விஷம் கிடையாது, அது பாட்டுக்கு எலியைத் தின்றுகொண்டிருக்கும். நல்லபாம்பா சாரையா என்று சந்தேகம் இருந்தால் கிட்டே போகாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். பாம்பும் கீரியும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, கொன்றால் குற்றம்.

எலி மருந்தும் வேண்டாம். மருந்து தின்று செத்த எலியைக் கோழி கொத்தும், பூனை தின்னும். எங்கள் அனுபவத்தில் எலிக்கு மருந்தைவிட நல்ல வைத்தியம் தீவனத்தை மூடி வைப்பது. கம்பும் உடைத்த அரிசியும் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தவரை எலி ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தது. மூடி இறுக்கமான பழைய தகர டிரம்முக்கு மாற்றியதும், சாயங்காலம் தட்டில் மிச்சம் விடாமல் எடுத்ததும், பெருச்சாளி நடமாட்டமே பாதிக்கு மேல் குறைந்தது. எலி குறைந்தால் பாம்பும் குறைகிறது. ஒரு பைசா செலவில்லை.

கதவு விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளைந்த கொக்கி மாட்டும் கதவை நாய் மூக்கால் தூக்கித் திறந்துவிடும். நாய் உள்ளே போனால் தின்பதற்காக நிற்காது, ஓடுகிற எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். காலையில் இறந்த கோழிகள் அப்படியே கிடந்தால் அது நாய்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள், மேல் தாழ்ப்பாளில் ஒரு சின்னப் பூட்டு. பூட்டு உப்பில் இறுகிப்போகும், மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் விட வேண்டும்.

பகலில் திறந்து விடும்போது மேலிருந்து வருவதைப் பார்க்க வேண்டும். காசிமேட்டு மீன் கழிவுக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கும் பழகிய பருந்துகள் எங்கள் வானத்தில் எப்போதும் வட்டமிடும். பெரிய கோழியைத் தொடாது. குஞ்சு என்றால் காக்காய்கூட விடாது. குப்பத்தில் பழைய மீன் வலை சுலபமாகக் கிடைக்கிறது, அதை முருங்கையிலிருந்து சுவர் வரை இழுத்துக் கட்டியிருக்கிறோம். தங்கூசி வலை வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை, கோழிக் காலிலும் குருவிக் காலிலும் சுற்றிக்கொள்ளும், பாம்பு மாட்டினால் அறுபட்டுச் சாகும். முறுக்கிய தடித்த நூல் வலைதான் நல்லது. ஓரம் தரையில் தவழாமல் இரண்டடி உயரத்தில் நிற்க வேண்டும். வெயிலில் நூல் இற்றுவிடும், இரண்டு கோடைக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். பூனைக்கு இந்த வலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழி எங்கள் தெருப் பூனைகளில் பாதியை விரட்டிவிடும். மீதிக்காகக் குஞ்சுகளை இறகு முளைக்கும் வரை கூண்டைவிட்டு வெளியே விடுவதில்லை.

வாங்கிப் பார்த்த மற்ற சாமான்கள்: பழைய சிடி தொங்கவிட்டது, சில நாளில் காக்காய் அதன் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தது. பிளாஸ்டிக் ஆந்தை, குழந்தைகளுக்குப் பிடித்தது. மினுக்கும் சோலார் விளக்கு, அதன் வெளிச்சத்திலேயே பெருச்சாளி நடந்து போனதைப் பார்த்தேன். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் பெட்டியும் வாங்கினோம். அதற்குள்ளேயே எறும்பு கூடு கட்டியது.

இப்போது யோசனையில் இருப்பது வெளிச்சம் குறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் பேட்டரிக் கதவு. கல்யாணம், காரியம் என்று வெளியூர் போனால் சாயங்காலம் கூண்டை அடைக்க யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஆனால் மேகம் மூடிய மழை நாளில் சீக்கிரமே மூடிக்கொண்டு கோழியை வெளியே விட்டுவிடுமோ என்று ஒரு பயம். உப்புக் காற்றில் மோட்டார் எத்தனை நாள் ஓடும் என்பது இன்னொன்று. திருவொற்றியூர், எண்ணூர் மாதிரிக் கடலோரத்தில் யாராவது இரண்டு மழைக்காலம் தாண்டி அதை ஓட்டியிருந்தால், என்ன ஆனது என்று சொல்லுங்கள். பின் பக்கத் துரு வலையை மாற்ற எப்படியும் இந்த ஐப்பசிக்கு முன்னால் பாரிமுனை போக வேண்டும், அதையும் சேர்த்தே வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவேன்.